ஐந்து நிமிடம் அமர்ந்தாரா: ஆம்

மலாவியில், ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் மலுண்டி மருத்துவமனைக்குப் பன்னிரண்டு நாற்காலிகள் வந்து இறங்கிய அன்று ஊரே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. சாய்மானம் உள்ள நாற்காலிகள். கை வைத்துக்கொள்ளவும் இடம் உண்டு. லாரியிலிருந்து இறக்கினார்கள், எண்ணினார்கள், சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினார்கள், பிறகு சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்காமல் சரக்கறையில் வைத்துப் பூட்டினார்கள். பூட்டியதோடு சரி. அடுத்த ஏழு மாதம் அவற்றில் உட்கார்ந்தவை பல்லிகள் மட்டும்தான்.

நாற்காலிகள் வந்தது சிறுநீரக நோயாளிகளுக்கான ஒரு திட்டத்துக்காக. ‘நூற்றிருபது இயக்கம்’ என்று அதற்குப் பெயர். சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் ரத்த அழுத்தத்தை, மேல் எண் நூற்றிருபதுக்குக் கீழே வரும்வரை மாத்திரை கொடுத்து இறக்கினால் இதயம் பிழைக்கும், ஆயுள் கூடும் என்று எங்கோ பெரிய ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருக்கிறார்கள். கண்டுபிடித்தவர்கள் விவரமானவர்கள். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். அளப்பதற்கு முன் ஆளைச் சாய்மானமுள்ள நாற்காலியில் ஐந்து நிமிடம், வாய் பேசாமல், உட்கார வைக்க வேண்டும். அப்படி அளந்து வருவதுதான் எண். மேடு ஏறி வந்தவரை மூச்சு வாங்க நிறுத்தி அளந்தால் வருவது வேறு எண். அதை நம்பி மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனால் அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். விஷயம் இவ்வளவுதான். எங்கள் மருத்துவமனை இதில் முதல் பாதியைச் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதி வைத்தது. இரண்டாம் பாதியைப் பூட்டி வைத்தது.

“திறப்பு விழா நடக்கணும்ல,” என்றார் இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர் லாமெக் சிசாலே. கோட்டுப் போட்ட மனிதர். ஏரிக்கரைப் புழுக்கத்திலும் அவர் அதைக் கழற்றிப் பார்த்தவர் யாரும் இல்லை. “மண்டல இயக்குநர் அம்மா வந்து முதல்ல உக்காரணும். அதுக்கு முன்னாடி நோயாளி எவனாவது உக்காந்துட்டா, அம்மாவைப் பழைய நாற்காலியில உக்கார வச்சதா ஆயிடும். மரியாதை இல்ல பாருங்க.”

இயக்குநர் அம்மா வருவதாக இருந்தார். முதல் மாதம் மழையில் பாலம் போயிற்று. அடுத்த மாதம் பாலம் கட்டியாயிற்று, அதன் திறப்பு விழாவுக்குப் போய்விட்டார். மூன்றாம் மாதம் ஏரிக்கரை விடுதியில் ‘உப்பைக் குறைப்போம்’ பயிலரங்கு. அங்கே போட்ட மீன் சப்பென்று இருக்கிறதென்று எல்லோரும் உப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அப்படியே மாதங்கள் போயின.

இயக்கத்தில் அளக்கிற வேலை வைசன் நமகோமாவுடையது. முன்பு வீடு வீடாகக் கொசுவலை கொடுத்துக்கொண்டிருந்தவன். பதினோரு நாள் பயிற்சி கொடுத்து, கையில் கருவியைத் தந்து, ‘அளவை உதவியாளர்’ என்று சட்டையில் ஓர் அட்டையைக் குத்திவிட்டார்கள். பயிற்சியைக் கண்ணும் கருத்துமாகக் கேட்டவன் அவன் ஒருவன்தான். அதுவே அவனுக்கு வினையாயிற்று. கேட்காதவர்கள் எல்லாம் நிம்மதியாக இருந்தார்கள்.

மாதத்தின் முதல் வியாழன் மருத்துவமனை முற்றத்தில் எண்பது பேர் கூடுவார்கள். காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் அளந்து முடிக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் நானூறு நிமிடம். வைசன் உள்ளங்கையில் பேனாவால் போட்டுப் பார்த்தான். ஒருவர் பின் ஒருவராக உட்கார வைத்தால் பொழுது சாய்ந்துவிடும். அதுவும் நாற்காலி இருந்தால். இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. அதற்கு முதுகு கிடையாது. அதன் மேல் கோப்புகள் உட்கார்ந்திருந்தன.

போதாக்குறைக்குப் பாட்டு. எங்கள் பக்கத்தில் மருத்துவமனை என்றால் காலையில் நோயாளிகள் சுகாதாரப் பாட்டுப் பாடித்தான் வேலை தொடங்கும். கொசுவுக்கு ஒரு பாட்டு, கைகழுவ ஒரு பாட்டு. லாமெக் இயக்கத்துக்கென்று ‘ஓய்வுப் பாட்டு’ ஒன்றைத் தானே எழுதினார். ‘அமைதியாய் உட்காருவோம், அசையாமல் உட்காருவோம்’ என்று தொடங்கும். அதை நின்றுகொண்டு, கை தட்டி, இடுப்பை ஆட்டி, இருபது நிமிடம் பாடுவார்கள். முழங்கால் வலிக்காரர்கள்கூட விடமாட்டார்கள். பாடி முடித்து வியர்வை வழிய வரிசையில் வந்து கையை நீட்டுவார்கள்.

படிவத்தில் நாலாவது கேள்வி இது: நோயாளி ஐந்து நிமிடம் அமர்ந்தாரா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். முதல் வியாழன் வைசன் நேர்மையாக எண்பது பேருக்கும் ‘இல்லை’ போட்டான். எண்பது படிவமும் செல்லாது என்று திரும்பி வந்தன. செல்லாத படிவத்துக்கு மாத்திரை கிடையாது. இருபது கிலோமீட்டர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள் எல்லாம் வெறுங்கையோடு திரும்பினார்கள். போகும்போது அவர்கள் வைசனைப் பார்த்த பார்வையை அவனால் மறக்க முடியவில்லை.

லாமெக் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். கோபப்படவில்லை. “வைசன், படிவம் உன்னைக் கேள்வி கேக்கல. உன்கிட்ட பதிலைக் கேக்குது,” என்றார்.

அடுத்த முறை வைசன் ‘ஆம்’ கட்டத்தில் டிக் போட்டான். முதல் டிக்குக்குக் கை கூசியது. பத்தாவதுக்குக் கூசவில்லை. மூன்றாம் மாதத்திலிருந்து முதல் நாள் புதன்கிழமை மத்தியானமே எண்பது படிவத்தையும் அடுக்கி வைத்து, நாலாவது கேள்விக்கு மட்டும் டிக் போட்டு முடித்துவிடுவான். வியாழக்கிழமை நேரம் மிச்சமாகும். எல்லாம் நோயாளிகளின் நன்மைக்குத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதிலேயே தெரியவில்லையா, அது அவ்வளவு நன்மை இல்லை என்று.

அந்த எண்பது பேரில் ஒருத்தி எனிஃபா கச்சாலே. ஏரிக்கரைச் சந்தையில் மீன் பொரித்து விற்பவள். வைசனைவிட நாலைந்து வயது மூத்தவள். நக்கல் இல்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். வியாழக்கிழமைகளில் எண்ணெய்ச் சட்டியைப் பக்கத்துக் கடைக்காரி பொறுப்பில் விட்டுவிட்டு மேடு ஏறி ஓடி வருவாள். வந்ததற்கு ஆடிவிட்டுப் போகலாமே என்று பாட்டுக்கும் ஆடுவாள். பிறகு கம்பளிச் சட்டையைச் சுருட்டாமல் அதன் மேலேயே கருவியின் பட்டையைச் சுற்றச் சொல்லிக் கையை நீட்டுவாள்.

“சீக்கிரம் தம்பி. எண்ணெய் காயுது.”

நூற்று முப்பத்தெட்டு. வைசன் எழுதுவான். படிவம் உள்ளே உலெமு கபூக்கா மேடத்திடம் போகும். மாத்திரை எழுதும் மருத்துவ அலுவலர் அவர். எண்பது படிவத்தில் புதைந்த தலையை அவர் தூக்குவதே இல்லை. ‘ஐந்து நிமிடம் அமர்ந்த பிறகும் நூற்று முப்பத்தெட்டு’ என்று படிப்பார். அப்படியானால் இது பிடிவாதமான அழுத்தம். பிடிவாதத்துக்கு மருந்து இன்னொரு மாத்திரை. இரண்டு மூன்றாயிற்று. அடுத்த மாதம் நூற்று முப்பத்தாறு; மூன்று நாலாயிற்று.

ஏழாம் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வைசன் மீன் வாங்கப் போனபோது எனிஃபாவின் முழங்கையில் துணி சுற்றியிருந்தது.

“என்னக்கா ஆச்சு?”

“சட்டி பக்கத்துல விழுந்துட்டேன். எண்ணெய் முழங்கைல மட்டும்தான் பட்டுச்சு. மூஞ்சில பட்டிருந்தா என்னையும் மீனோட மீனா வித்திருப்பா அவ.” பக்கத்துக் கடைக்காரியைக் காட்டினாள். “எந்திரிச்சா கண்ணு இருட்டுது தம்பி. இது மூணாவது தடவை. ரெண்டு தடவையும் மண்ணுப் பக்கமா விழுந்தேன், தப்பிச்சேன். இந்தத் தடவை சட்டிப் பக்கம்.”

கருவி தோள்பையிலேயே இருந்தது. வைசன் அவளை ஒரு கள்ளிப்பெட்டியில் உட்கார வைத்து, தகரச் சுவரில் சாயச் சொன்னான். கம்பளிச் சட்டையைக் கழற்றச் சொன்னான். அஞ்சு நிமிஷம் வாயைத் திறக்காதே என்றான்.

“அஞ்சு நிமிஷமா? என் கல்யாணத்தன்னிக்கே நான் அவ்வளவு நேரம் வாயை மூடல.”

“அக்கா.”

மூடினாள். வைசன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏழு மாதத்தில் அவன் ஐந்து நிமிடத்தை முழுசாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எவ்வளவு நீளமாக இருந்தது. அளந்தான். நூற்றிரண்டு. எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி அளந்தான். எண்பத்துநாலு. அவள் தகரச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன தம்பி, இறங்கியிருக்கா? நல்லதுதானே?”

வைசன் பட்டையை அவிழ்த்துச் சுருட்டினான். அவளைத் தள்ளிவிட்டது மாத்திரை. மாத்திரையை வரவழைத்தது நூற்று முப்பத்தெட்டு. அந்த நூற்று முப்பத்தெட்டை உண்மையாக்கியது அவனுடைய டிக். புதன்கிழமை மத்தியானம், நிழலில் உட்கார்ந்து, நல்ல பேனாவால் போட்ட டிக். நாலாவது மாத்திரையை நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை அவள் எந்தப் பக்கம் விழுவாள் என்று யார் கண்டது? அவன் அவளிடம் மீனை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

மறுநாள் காலை கபூக்கா மேடத்தின் அறைக்குப் போனான்.

“மேடம், எனிஃபா கச்சாலேவுக்கு நாலாவது மாத்திரையை நிறுத்தணும். அளந்து பார்த்தேன். உக்காந்தா நூத்திரண்டு. நின்னா எம்பத்தினாலு.”

“எங்க அளந்தே?”

“சந்தையில.”

“படிவம்?”

“சந்தையில ஏது மேடம் படிவம்?”

“அப்ப அளவும் இல்ல.” அவளுடைய கோப்பை எடுத்துப் பிரித்துக் காட்டினார். “இங்க பாரு. ஒவ்வொரு மாசமும் ‘அஞ்சு நிமிஷம் அமர்ந்தார், ஆம்’. கையெழுத்து யாருது?”

“என்னுது.”

“சந்தையில அளந்ததும் நீ. இங்க அளந்ததும் நீ. ரெண்டுல எது பொய்?”

உள்ளதைச் சொன்னால் வேலை போகும். வேலை போனால் வீட்டில் ஐந்து வயிறு. மேடம் தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பான். அவர் அடுத்த கோப்புக்குப் போய்விட்டார். “அப்புறம் வரேன் மேடம்,” என்று வெளியே வந்து, மாமரத்தடியில் நின்று தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டான்.

உட்கார்ந்தாலும் நின்றாலும் முழங்கைத் துணிதான் கண்ணில் நின்றது. பொறுக்கமாட்டாமல் மத்தியானம் லாமெக்கிடம் போனான்.

“சார், அந்த ‘ஆம்’ எல்லாம் பொய்.”

லாமெக் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னலையும் சாத்தினார்.

“எந்த ‘ஆம்’?”

“எல்லா ‘ஆமு’ம் சார். ஏழு மாசமா ஒருத்தரும் அஞ்சு நிமிஷம் உக்காரல. உக்கார நாற்காலி இல்ல.”

“பன்னிரண்டு இருக்கே.”

“பூட்டியிருக்கு.”

“பூட்டியிருக்கிறது வேற, இல்லாதது வேற. நீ கொஞ்சம் நிதானமா யோசி வைசன். பொய்னா என்ன? ஒரு பதிவேட்டுல ஒண்ணும், இன்னொரு பதிவேட்டுல வேறொண்ணும் இருந்தா அது பொய். நம்மகிட்ட இருக்கிறது ஒரே பதிவேடு. அதுல எங்கயாவது முரண் இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்ப பொய் எங்க இருக்கு?”

“ஒரு அம்மா எண்ணெய்ச் சட்டி பக்கத்துல விழுந்திருக்காங்க சார்.”

“விழுந்தது மருத்துவமனைக்குள்ளயா?”

“சந்தையில.”

“சந்தை மீன்வளத் துறை.” லாமெக் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவருடையதற்கு மட்டும் சாய்மானம் இருந்தது. “உன் மனசாட்சி எனக்குப் புரியுது. எனக்கும் இருக்கு. அதை நான் பணி நேரத்துல தொந்தரவு பண்றதில்ல. சரி, சந்தோஷமான சேதி கேளு. வர்ற வியாழக்கிழமை இயக்குநர் அம்மா வர்றாங்க. நாற்காலி திறப்பு. உனக்கு விருது. ‘சிறந்த ஓய்வளிப்பாளர்’. நூத்துக்கு நூறு ஓய்வு, மலாவியிலேயே நாமதான். அப்புறம் மேடையில ஒரு நோயாளியை நாற்காலியில உக்கார வச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சு எல்லார் முன்னாடியும் நீ அளக்கணும். அழுத்தம் நல்லா இறங்கியிருக்கிற ஆளா ஒருத்தரைச் சொல்லு.”

வைசனுக்குச் சட்டென்று ஒரு வழி தெரிந்தது. நிஜமான நாற்காலி. நிஜமான ஐந்து நிமிடம். நிஜமான படிவம். எனிஃபாவின் எண் நூற்றிரண்டு என்று படிவத்திலேயே ஏறிவிட்டால் மேடம் மாத்திரையை நிறுத்தித்தானே ஆக வேண்டும்? யாரும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வேலையும் மிஞ்சும், அவளும் பிழைப்பாள். கோழைக்கு இப்படித்தான் யோசனைகள் வரும், அழகாக வரும்.

“எனிஃபா கச்சாலே,” என்றான்.

வியாழக்கிழமை பந்தல் போட்டார்கள். ‘120’ என்று அச்சடித்த துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு பெண்கள் ஆடி வரவேற்றார்கள். எண்பது நோயாளிகளும் எதிரே மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபம் நடந்தது, ஏரிக்கரையில் முஸ்லிம்களும் உண்டல்லவா, துவாவும் நடந்தது. அதன் பிறகு ஒவ்வொரு பிரமுகரையும் பெயர், பதவி, மனைவியோடு வணங்கி வரவேற்றதில் முக்கால் மணி நேரம் போயிற்று. பிளாஸ்டிக் தாளைக் கத்தரித்து இயக்குநர் அம்மா முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். கைதட்டல். மற்ற பதினொன்றிலும் பதினொரு பிரமுகர்கள் உட்கார்ந்தார்கள். அதற்கும் கைதட்டல்.

எனிஃபாவுக்கு நாற்காலி இல்லை.

லாமெக்கின் முழி பிதுங்கியது. யாரை எழுப்புவது? வட்டாரத் தலைவரை எழுப்ப முடியாது. கல்வி அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். காதோடு காதாக நீண்ட பேச்சு நடந்து, கடைசியில் மீன்வளத் துறை அதிகாரி எழுந்தார். மீன்வளத் துறைக்கு அந்த இயக்கத்தில் கிடைத்த ஒரே பங்கு அதுதான். எனிஃபாவை மேடையேற்றினார்கள். பெரியவர்களுக்குச் சமமாக உட்காருவது எங்கள் பெண்களுக்குப் பழக்கம் இல்லை. அவள் நாற்காலியைத் தொட்டுவிட்டு அதன் காலடியில் உட்காரப் போனாள். லாமெக் பல்லைக் கடித்துக்கொண்டு அவளைத் தூக்கி மேலே வைத்தார்.

“என்ன தம்பி, பொரிக்கப் போறாங்களா என்னை?” என்று வைசனிடம் கிசுகிசுத்தாள்.

“பேசாம சாஞ்சு உக்காருக்கா. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்.”

இயக்குநர் அம்மா ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். “இப்ப அஞ்சு நிமிஷம் அமைதி. இந்த அமைதியை வீணாக்க வேண்டாம். அதனால நான் பேசறேன்,” என்றார். “நான் சிறுநீரகத்தை நேர்ல பார்த்ததில்ல. அறிக்கையில பார்க்கிறேன். அறிக்கையில அது ரொம்ப நல்லா இருக்கு. சில ஊர்ல நோயாளிங்க உக்காரவே மாட்டேங்கிறாங்கன்னு எழுதி அனுப்புறாங்க. அந்த ஊருக்கெல்லாம் நான் நாற்காலி அனுப்புறதில்ல. மலுண்டியில நாற்காலியைத் திறக்கிறதுக்கு முன்னாடியே எல்லாரும் உக்காந்துட்டாங்கன்னு அறிக்கை வந்துச்சு. அதனாலதான் நானே திறந்து வைக்க வந்தேன். திறமை இருக்கிற இடத்துக்குத்தான் உதவி போகணும். நாற்காலி இல்லாமலே நூத்துக்கு நூறுன்னா, நாற்காலியோட எவ்வளவு வரும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.”

ஐந்து நிமிட அமைதி இருபத்திரண்டு நிமிடம் நீடித்தது. அதற்குள் எனிஃபா நன்றாகவே சாய்ந்துவிட்டாள். வைசன் பட்டையைச் சுற்றினான். முற்றம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றெட்டு.

வைசன் எண்ணைப் படிவத்தில் எழுதினான். ‘ஐந்து நிமிடம் அமர்ந்தாரா: ஆம்.’ ஏழு மாதத்தில் ‘ஆம்’ கட்டத்தில் போட்ட ஒரே உண்மையான டிக். பந்தல் ஓரத்தில் நின்ற கபூக்கா மேடத்தை நம்பிக்கையோடு பார்த்தான். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு முன்னால் வரத்தான் செய்தார். அதற்குள் லாமெக் ஒலிபெருக்கியைப் பிடுங்கிவிட்டார்.

“தொண்ணூத்தெட்டு. நூத்திருபதுக்கு எவ்வளவு கீழ பாருங்க. இது யாரோட வெற்றி? நாலு மாத்திரையோட வெற்றி.”

பெண்கள் குலவையிட்டார்கள். இயக்குநர் அம்மா எழுந்தார். “இந்தம்மாவுக்கு இதே நாலு மாத்திரை ஆயுசுக்கும் தொடரணும். ஒண்ணுகூடக் குறைக்கக் கூடாது. மேடையிலயே உத்தரவு போடறேன்.”

வைசன் அப்படியே நின்றான். எண் கூடினால் மாத்திரை ஏறும், எண் இறங்கினால் மாத்திரை நிற்காது, அதுதான் வெற்றி. தன் கெட்டிக்காரத்தனத்தால் அவள் கழுத்தில் அந்த நாலாவது மாத்திரையை முடிச்சுப் போட்டுக் கட்டியாயிற்று. இப்போதாவது சொல், இப்போதாவது வாயைத் திற என்று உள்ளுக்குள் ஏதோ இடித்தது. அவன் கையில் யாரோ விருதைத் திணித்தார்கள். வாங்கிக்கொண்டான்.

“போட்டோ,” என்றார் லாமெக். “அம்மா, எந்திரிச்சு நில்லுங்க.”

எனிஃபா எழுந்து நின்றாள். ஒரு கணம் சிரித்தாள். கண் எங்கோ போயிற்று. அப்படியே முன்பக்கமாக மேடையிலிருந்து கீழே விழுந்தாள். நெற்றி கல்லில் பட்ட சத்தம் பந்தல் முழுக்கக் கேட்டது.

“உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க,” என்றார் இயக்குநர் அம்மா. லாமெக் ஓய்வுப் பாட்டைத் தொடங்கச் சொன்னார்.

வைசன் கீழே குதித்தான். மண்ணில் கிடந்தவளின் காலைத் தூக்கி விருதுப் பெட்டியின் மேல் வைத்தான். நெற்றியில் ரத்தம். பட்டையைச் சுற்றினான். எழுபத்தாறு. நிமிர்ந்தபோது எதிரே கபூக்கா மேடம் மண்டியிட்டு உட்கார்ந்து, துணியால் காயத்தை அழுத்திக்கொண்டிருந்தார்.

“சந்தையில அளந்ததுதான் நிஜம் மேடம்,” என்றான் வைசன். “இங்க ஒருத்தரும் ஒரு நாளும் உக்காரல. புதன்கிழமையே எல்லாத்துக்கும் ‘ஆம்’ போட்டு வச்சிருவேன். எல்லா மாசமும். எல்லாருக்கும்.”

மேலே பாட்டு நடந்துகொண்டிருந்தது, அமைதியாய் உட்காருவோம் என்று.

“என் ஜன்னல் முற்றத்தைப் பார்த்துத்தான் இருக்கு,” என்றார் மேடம். “ஆடுற சத்தம் கேக்கும். எத்தனை தடவை கேட்டிருப்பேன். தலையைத் தூக்கிப் பார்த்ததில்ல.” வைசன் கையிலிருந்து படிவத்தை வாங்கி நாலாவது மாத்திரையை அடித்தார். கொஞ்சம் யோசித்து மூன்றாவதையும் அடித்தார்.

“மேடையில உத்தரவு போட்டிருக்காங்க மேடம்.”

“மேடையைச் சாயங்காலம் பிரிச்சிருவாங்க.” எழுந்து ஆளனுப்பித் தள்ளுவண்டி வரவழைக்கப் போனார்.

எனிஃபா கண் விழித்தாள். சுற்றிலும் பார்த்தாள். “எண்ணெய் இல்லையே?”

“இல்லக்கா. மண்ணுதான்.” வைசன் அவள் பக்கமாகக் குனிந்தான். “அக்கா, நீ உக்காந்ததா நான் பொய் எழுதினேன். அதனாலதான் மாத்திரை கூடிச்சு. அதனாலதான் விழுந்தே, அன்னிக்கும் இன்னிக்கும். என் தப்பு.”

“நான் உக்காரலன்னு எனக்குத் தெரியாதா?” என்றாள். “என் பின்பக்கம் என்கிட்டதானே இருக்கு. நீ எழுதுறதையும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். சீக்கிரம் விட்டாப் போதும்னு சும்மா இருந்துட்டேன்.”

வைசனுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசாயிற்று. அவளுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் பாவம் பங்கிடப்பட்டுவிட்டது.

எனிஃபா அவனையே பார்த்தாள். “ஆனா உக்காராட்டி மாத்திரை கூடும்னு எனக்குத் தெரியாது தம்பி. அது உனக்குத் தெரியும்.” அவள் குரலில் நக்கல் இல்லை. “எப்போ இருந்து தெரியும்?”

“முதல் மாசத்துல இருந்து.”

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தள்ளுவண்டி வந்தது. இரண்டு பேர் அவளைத் தூக்கி வைத்தார்கள். வண்டி நகரும்போதுதான் மறுபடி பேசினாள்.

“எங்கிட்ட சொல்லிட்டே. இங்க மண்ணுல உக்காந்திருக்காங்களே இத்தனை பேரு, அவங்களும் அதைத்தான் முழுங்கிக்கிட்டு இருக்காங்க. போய்ச் சொல்லு.”

வண்டி போயிற்று. மேடையில் பாட்டு முடிந்து, பிரமுகர்கள் சாப்பிடப் போனார்கள். இரண்டு பணியாளர்கள் வந்து நாற்காலிகளைத் தூக்கினார்கள். எட்டு அலுவலகத்துக்கு, நாலு லாமெக்கின் கூட்ட அறைக்கு. முற்றத்தில் மீதி எழுபத்தொன்பது பேர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

வைசன் வரிசையின் முதல் ஆளிடம் போனான். சைதி அவாலி. படகு கட்டும் கிழவர், வெள்ளைக் குல்லாய். அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, எனிஃபாவிடம் சொன்னதை அப்படியே சொன்னான். கிழவர் காதில் கையை வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. இடுப்பு முடிச்சை அவிழ்த்து மாத்திரைப் பொட்டலத்தை எடுத்தார். ஐந்து அட்டைகளை மண்ணில் வரிசையாகப் பரப்பி வைத்தார்.

“சரிப்பா,” என்றார். “இதுல எது என் நோய்க்கு, எது உன் கையெழுத்துக்கு? பிரிச்சுக் குடு.”

வைசன் குனிந்து பார்த்தான். அளக்கத்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஐந்தும் வெள்ளையாகவே இருந்தன.